சந்தனம் பூசிய ஏசுவடியான்

பிராசிக்யூட்டிங் இன்ஸ்பெக்டர் ஏசுவடியானுக்கு நாற்பது வயதிலேயே தலையில் பொட்டு முடி கிடையாது. மீசையும் வைக்கவில்லை. தொப்பியைக் கழற்ற மனுஷனுக்கு மனசே வராது. போலீஸ் பிடித்துவரும் ஆள்மேல் வழக்குப் போடுவதா, விட்டுவிடுவதா என்று திருத்தணியில் முடிவு சொல்பவர் அவர்தான். மாஜிஸ்திரேட் நம்புவது அப்புறம், முதலில் தான் நம்ப வேண்டும் என்பார். சப்-இன்ஸ்பெக்டர்களுக்கு இது எரிச்சல்தான். இருக்கட்டுமே, அதற்கென்ன!

1946 ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் சப்-இன்ஸ்பெக்டர் வரதராஜன் ஒரு வழக்கோடு வந்தார். ஆர்.கே.பேட்டை நெசவாளி ஆனந்தன் திருவிழாவில் சேலை விற்க வந்திருக்கிறான். ஒருவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். மொட்டைத் தலை, தலை நிறையச் சந்தனம். இன்று காலை ரயிலைப் பிடிக்க ஓடிய ஒரு சந்தன மொட்டையைக் கான்ஸ்டபிள் அமுக்கிவிட்டார். மணவூர் விவசாயி வேடியப்பன். மூட்டை அவனிடம் இல்லை.

அவனுக்கு ஆவணியில் கல்யாணம், பெண் பங்காரு. வழக்கு என்று காதில் விழுந்தாலே பெண்வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பிவிடுவார்கள். பாவம், அழுது அழுது அவன் முகமே வீங்கிப்போயிருந்தது.

ஆனந்தன் ஆளைக் காட்டிவிடுவான், இன்றைக்கே வழக்கைப் போடலாம் என்றார் வரதராஜன். ஏசுவடியான் சன்னலுக்கு வெளியே பார்த்தார். கிருத்திகை முடிந்த திருத்தணியில் முடி உள்ள ஆளைத் தேடுவதுதான் கஷ்டம்! வேண்டுதல் முடித்து மலையிறங்கிய நாலு பேரைக் கூப்பிட்டு, ஸ்டேஷன் பின்கட்டில் வேடியப்பனோடு நிற்கவைத்தார். பிறகு தானும் சட்டையைக் கழற்றி, வேட்டி கட்டி, அந்த நாலு பேரில் ஒருவரிடம் சந்தனம் வாங்கித் தலையில் அப்பிக்கொண்டு கடைசியில் போய் நின்றார். தாத்தா காலத்திலிருந்து சர்ச்சுக்குப் போகிற குடும்பம்!

ஏசுவடியானை ஆனந்தன் அதுவரை கண்டதில்லை. வரிசையோடு நடந்தான். வேடியப்பன் எதிரில் கொஞ்சம் தயங்கினான். ஆனந்தன் மேலே நடந்து, கடைசி ஆளைக் கண்டதும் கையை நீட்டினான்.

"இவன்தாங்க. இந்த முழியை மறப்பனா நானு?"

"என்ன வரதராஜன், என்மேல வழக்குப் போட்டுடலாமா?" என்றார் ஏசுவடியான்.

ஆனந்தன் கையெடுத்துக் கும்பிட்டான். அவன் பொய் சொல்லவில்லை, பார்த்தது மொட்டையைத்தான், முகத்தை அல்ல என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு, வேடியப்பனையும் ஊருக்கு ரயிலேற்றினார். மூட்டை பிறகு அரக்கோணத்தில் வேறொருவன் கையோடு அகப்பட்டது. அவன்மேல் வழக்குப் போட ஏசுவடியான் யோசிக்கவே இல்லை.

வீட்டில்தான் மாட்டிக்கொண்டார். காதோரம் ஒட்டியிருந்த சந்தனத்தை மனைவி யூனிஸ் பார்த்துவிட்டாள்.

ஆவணியில் இருவரும் மணவூர்க் கல்யாணத்துக்குப் போனார்கள். வாசலில் வேடியப்பனின் தகப்பனார் வேதாசலம் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்.

"எல்லாருக்கும் கையில குடுங்க, இவருக்கு மட்டும் தலையில பூசிடுங்க. பழக்கந்தான்," என்றாள் யூனிஸ்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வேதாசலத்துக்குச் சிரிக்க வரவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஏசுவடியானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உள்ள வந்து பாருங்கய்யா. பொண்ணு மணையில உக்காந்துகினு இருக்குது."