கேம்ப்பிலிருந்து வந்த போன்

பிள்ளைகளே, அந்த போன் வந்தபோது நான் பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிள் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கையில் சூடு ஆறாத பனியன் ஒன்று. உங்கள் அம்மா அதே கம்பெனியில் செக்கிங், தைத்த துணியில் குறை பார்க்கிற வேலை. செக்கிங் பெண்கள் போனை வாசல் கேட்டிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் கம்பெனியில் நடந்த கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் பரிசோதனை கேம்ப்பில் எல்லாப் பெண்களும் வீட்டுக்காரர் நம்பரைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். அம்மாவும் என் நம்பரைக் கொடுத்திருந்தாள்.

பேசிய நர்ஸ் பொறுமையாகச் சொன்னார். "எச்பிவி-ன்னு ஒரு கிருமி இருக்குதுங்க. புற்றுநோய்னு அர்த்தமில்லீங்க. செல்லு மாறியிருக்குதான்னு பார்க்கோணும். மாறியிருந்தா இப்பவே சரி பண்ணீரலாம். வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க." எப்படி வருகிறது என்று கேட்டேன். கணவன் மனைவி உறவில் வருவது, பல வருஷம் சத்தமில்லாமல் உடம்பில் கிடக்கும், யார் மேலும் குற்றமில்லை என்றார். கடைசியாகச் சொன்னது என் காதில் ஏறவில்லை. கல்யாணத்துக்கு முன் நான் இருந்த இருப்பு எனக்குத் தெரியும். எப்படி வந்தது என்று அவள் கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

சாயங்காலம் வண்டியில் பின்னால் உட்கார்ந்தபடி அவளே கேட்டாள். "ஏனுங்க, கேம்ப்ல இருந்து போன் வந்துச்சுங்களா?"

"வந்துச்சு. ஒண்ணுமில்லையாம்."

அவள் நிம்மதியாக என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் மறுபடி இரண்டு முறை கூப்பிட்டார். ஷிப்மெண்ட் நேரம், சரக்கு அனுப்பணும், வர முடியாது என்று ஒருமுறை சொன்னேன். அடுத்த முறை எடுக்கவே இல்லை.

சில வருஷம் கழித்து நிற்காமல் ரத்தம் போனபோதுதான் மருத்துவமனைக்குப் போனோம். முன்பே பரிசோதனை செய்ததுண்டா என்று டாக்டர் கேட்டார். "பண்ணுனோமுங்க. ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க" என்றாள் அம்மா. நான் பக்கத்தில்தான் நின்றேன். கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய், முற்றிவிட்டது என்றார் டாக்டர்.

பெரியவளே, பள்ளியில் கொடுத்த அந்தக் கிருமிக்கான தடுப்பூசிப் படிவத்தில் நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டேன். "எதுக்குப்பா இத்தனை அவசரம்?" என்று சிரித்தாய். அதற்கான பதில்தான் இந்தக் கடிதம். நேரில் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

அம்மாவின் கடைசி மாதத்தில் அவளுக்கு நான்தான் கஞ்சி ஊட்டினேன், துணி மாற்றினேன். ஒருநாள் என் கையைப் பிடித்துச் சொன்னாள், "வேற யாருங்க என்னை இப்படிப் பார்த்துக்குவாங்க." நான் அடுத்த கரண்டிக் கஞ்சியை ஊட்டினேன். இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், அம்மாவை அப்பா நன்றாகப் பார்த்துக்கொண்டார் என்று நீங்கள் இருவரும் சொல்கிறீர்கள்.

இனிமேல் அப்படிச் சொல்லாதீர்கள், சாமிகளா.