கை மட்டும்தான் தெரியும்

திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகும் சாலையில், நகரத்து வீடுகள் முடிந்து சோளக்காடு தொடங்கும் இடத்தில் எங்கள் தெரு. தொண்ணூறுகளில் அந்தத் தெருவுக்கு வரும் எந்தக் காகிதமும் கடைசியில் என் கைக்குத்தான் வரும். கடிதம், ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாமே. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். ஐந்தாம் வகுப்பிலேயே நான் வாசலில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்க, பெரியவர்கள் நின்று கேட்பார்கள். அந்தப் பெருமையில் பல நாள் சாப்பாடே மறந்துபோயிருக்கிறது.

அப்படி நின்று கேட்டவர்களில் எதிர்வீட்டு அத்தையும் ஒருவர். சொந்த அத்தை இல்லை, முறைக்கு அத்தை. புருசன் இறந்த பிறகு பேகம்பூருக்கு அப்பால் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை எடுத்து அலசிப் போடுவதுதான் வேலை. விடியும் முன்பே கிளம்பி மூன்று மணிக்குத் திரும்புவார். அதற்குள் தோட்டத்திலிருந்து மல்லிகை மொட்டு வந்திருக்கும். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், வாழை நாரில் அவர் தொடுக்கும் வேகத்தில் விரல்களே தெரியாது. பொழுது சாய்வதற்குள் கூடையோடு கிளம்பி, அரசாங்க ஊழியர்கள் குடியிருந்த காலனிக்குப் போய்விடுவார். அங்கே அவருக்கு வாடிக்கை வீடுகள் இருந்தன.

"இன்னும் ஒரு வருசந்தான்த்தா. இன்னும் ரெண்டு தெரு பிடிச்சுட்டா பூவே போதும். பெறகு அந்தக் குழிப்பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டேன்" என்று என் அம்மாவிடம் அடிக்கடி சொல்வார்.

அவருடைய கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளங்கை முழுக்க வெடிப்பு. விரல் இடுக்குகளில் தோல் வெளுத்து உரிந்திருக்கும். நகங்கள் பழுப்பேறி ஓரத்தில் அரித்துப் போயிருக்கும். வலது மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு பச்சை. சின்னக் கோலம், அதில் ஒரு புள்ளி இருக்காது. பச்சை குத்தும்போது அழுது கையை இழுத்துக்கொண்டாராம். அந்தக் கதையைப் பூ அளக்கும்போது எல்லா வீட்டிலும் சொல்லிச் சிரிக்கவைப்பார். "இந்தக் கோலத்துக்கு ஒரு புள்ளி கடன்" என்பார்.

கைக்காக ஒருமுறை பெரியாஸ்பத்திரிக்குப் போனார். ஒரு நாள் வேலையை விட்டு, காலையிலிருந்து வரிசையில் நின்று, மத்தியானம் டாக்டரைப் பார்த்தார். சீட்டை என்னிடம் கொண்டுவந்தார். களிம்பின் பெயரை வாசித்தேன். வேறென்ன சொன்னார் என்று கேட்டேன்.

"தண்ணியில கை வைக்காதீங்கன்னாரு. அப்பச் சோத்துல எப்பிடி வைக்கிறதுன்னு கேக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அடுத்த ஆளக் கூப்புட்டாரு."

அந்தப் பதிலைத்தான் நான் பல வருடங்கள் மனதில் வைத்திருந்தேன். நகரத்துப் பெண்கள் கல்லூரியில் பட்டம் முடித்து, இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அது உடனே நினைவுக்கு வந்தது. அங்கே என் வேலை கதை சேகரிப்பது. ஒரே ஊரில் ஒரு தெருக்காரருக்கு உடம்பு கெட்டால் வைத்தியம் வீடு தேடி வருகிறது, இன்னொரு தெருக்காரர் உடம்பைக் கெடுத்துக்கொண்டால்தான் சோறு. இதைக் கணக்காகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, படமும் கதையுமாகச் சுவரில் மாட்டுவோம் என்பது எங்கள் திட்டம். என் கையில் ஒரு கேமராவைக் கொடுத்தார்கள். யாரைப் படம் எடுப்பது என்று நான் யோசிக்கவே இல்லை.

அத்தை முதலில் சிரித்தார். "இந்தக் கைய எடுத்து என்ன செய்யப்போற? பொண்ணு பாக்க வாரவுகளுக்குக் காட்டவா?" அதிகாரிகள் பார்ப்பார்கள், தோல் ஷாப்புகளில் கையுறை கொடுக்கச் சொல்வார்கள், டாக்டர் தெருவுக்கே வருவார் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். மூஞ்சி விழுமா என்று கேட்டார்.

"விழாது அத்தை. கை மட்டும்தான் தெரியும்."

தேங்காயெண்ணெய் தடவப் போனவரைத் தடுத்து, அப்படியே வாசலில் உட்காரவைத்தேன். சாயங்கால வெயில் சரிந்து விழ, மணிக்கட்டு தெரிய இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். பின்னால் கூடையில் மொட்டு. கறுப்பு வெள்ளையில் எடுத்தேன். ஸ்டுடியோவில் பெரிதாக்கி வாங்கியபோது எனக்கே பயமாக இருந்தது. வெடிப்புகள் கோடைக்காலத்துக் கண்மாய்த் தரை மாதிரி இருந்தன.

படத்தின் கீழே ஒரு பக்கக் கதை எழுதினேன். குழி, வரிசை, டாக்டர், சோறு எல்லாம் அதில் இருந்தன. கடைசி வரி மூன்று நாள் கழித்துத்தான் கிடைத்தது. "உங்கள் கூந்தலில் இருக்கும் மல்லிகையைத் தொடுத்ததும் இந்தக் கைதான்." எழுதி முடித்ததும் எழுந்து நடந்தேன். உட்கார முடியவில்லை. அவ்வளவு சரியான வரியை அதற்கு முன் நான் எழுதியதில்லை. பார்க்க வருகிற பெண்கள் தங்கள் கை தங்கள் தலைக்குத் தானாகப் போவதை உணர வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். தெருவுக்கு எப்போதும் வாசிப்பது போலவே சத்தமாக, நிறுத்தி. டாக்டர் இடத்தில் அவர் சிரித்தார். புருசன் இறந்த இடத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடைசி வரிக்கு முந்தைய வரியோடு காகிதத்தை மடித்துவிட்டேன்.

ஏன் என்று அப்போது கேட்டிருந்தால், அந்த வரி அதிகாரிகளுக்கானது, அத்தைக்குப் புரியாது என்று சொல்லியிருப்பேன். அது பொய். அவருக்குப் புரிந்துவிடும் என்பதால்தான் மடித்தேன். பத்து வயதிலிருந்து எத்தனையோ காகிதம் வாசித்திருக்கிறேன். சாவுச் செய்தி வந்த கடிதத்தைக்கூட ஒரு சொல் விடாமல்தான் வாசித்தேன். முதல் முறையாக நானே எழுதிய காகிதத்தில்தான் விட்டேன்.

கண்காட்சி நகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அதிகாரிகள் வந்தார்கள். அத்தையின் கைக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள். எழுதியது யார் என்று ஒருவர் கேட்க, என்னை முன்னால் தள்ளினார்கள். எந்தக் கல்லூரி, அப்பா என்ன செய்கிறார் என்று விசாரித்தார். மூட்டை தூக்குகிறார் என்றேன், தலையை நிமிர்த்தி. அந்த நிமிடத்தை நான் இன்றுவரை விட்டுக்கொடுத்ததில்லை. இதை எழுதும்போதுகூட அது இனிக்கத்தான் செய்கிறது.

பாராட்டு வந்ததால் படங்களைப் பள்ளிக்கூடங்களுக்கு எடுத்துப்போக நிறுவனத்தில் முடிவு செய்தார்கள். முதல் பள்ளிக்கூடம் அந்தக் காலனியில். பட்டியலில் பெயரைப் பார்த்தேன். காலனி என்று வாசித்தேனே தவிர, அத்தையின் வாடிக்கை என்று வாசிக்கவில்லை. ஆண்டு விழாவுக்கு வந்த அம்மாக்கள் எல்லாரும் வராந்தாவில் வரிசையாக நின்று பார்த்தார்கள் என்று எங்கள் ஆட்கள் மகிழ்ச்சியோடு வந்து சொன்னார்கள். நானும் மகிழ்ந்தேன்.

அடுத்த வாரம் முழுக்க எங்கள் தெருப் பெண்கள் எல்லார் தலையிலும் மல்லிகை. அத்தை கூடையோடு திரும்பி வந்து, கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார். எனக்கு இரண்டு முழம் கொடுத்தார். பூ அதிகம் வந்துவிட்டது என்றார். அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். நன்றாக இருக்கிறதே என்று நிறுவனத்தில் கேட்டார்கள்.

எட்டாம் நாள் அம்மாதான் சொன்னார். சட்டியை இறக்கி வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

"நல்லா எழுதுன போ. காலனியில ஒருத்திகூடப் பூ வாங்கலையாம்."

காலனியில் யாரும் சண்டை போடவில்லை. முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கு வேண்டாம், விரதம், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒவ்வொரு வீடாகச் சொன்னார்கள். ஒரு வீட்டு அம்மா மட்டும், தொடுத்தது வேண்டாம், உதிரியாக இருந்தால் கொடு, நானே கட்டிக்கொள்கிறேன் என்றாராம். சொல்லும்போது மணிக்கட்டைப் பார்த்தாராம். உதிரிப்பூ பூ மார்க்கெட்டில் எல்லாருக்கும் கிடைக்கும். அத்தையிடம் வாங்குவது அத்தை தொடுத்ததற்காகத்தான்.

அந்தக் கையை அவர்கள் பத்து வருடமாகப் பார்த்தவர்கள். அதே கையிலிருந்துதான் வாங்கி அதே தலையில் வைத்தார்கள். பார்த்தும் பார்க்காமல் இருப்பதில் அவர்களுக்கும் அத்தைக்கும் ஓர் உடன்பாடு இருந்தது. நான் அதைப் பெரிதாக்கி, கீழே வரி எழுதி, உடைத்துவிட்டேன். முகம் இல்லை என்று நினைத்தேன். புள்ளி ஒன்று குறைந்த அந்தக் கோலம்தான் காலனியில் அத்தையின் முகம். அது பட்டம் படித்த எனக்குத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் அத்தை வீட்டுக்குப் போனேன். கூடை கவிழ்த்துக் கிடந்தது. அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். உட்காரு என்றார். முறத்தைக் கீழே வைக்காமலே, அந்தக் காகிதம் இருக்கிறதா என்று கேட்டார். பையில் இருந்தது.

"கடைசியில என்னமோ எழுதியிருக்கயாமே. அத வாசி."

வாசித்தேன். இன்னொரு தடவை என்றார். மறுபடி வாசித்தேன். அவர் அரிசியில் ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "அன்னைக்கே இதையும் வாசிச்சிருந்தா வேணாம்னிருப்பேன்."

"தெரியும் அத்தை."

"எனக்கும் தெரியும், ஒனக்குத் தெரியும்னு."

திட்டியிருந்தால் அழுதிருப்பேன். காப்பி போட்டுக் கொடுத்தார், குடித்தேன்.

அந்த வரியை எடுத்துவிடும்படி நிறுவனத்தில் கேட்டேன். அந்தப் படத்துக்கு உயிரே அந்த வரிதான், எழுதிய நீயே இப்படிச் சொல்லலாமா என்றார்கள். கோபித்துக்கொண்டு, அந்தப் படத்தையே மாட்டக்கூடாது என்று நின்றேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் காலனி வாடிக்கை முடிந்துபோயிருந்தது.

படம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். சில மாதம் கழித்து அந்தத் தோல் ஷாப்பில் ரப்பர் கையுறை கொடுத்தார்கள். தெருவுக்கு ஒருமுறை மருத்துவ முகாம் வந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்களின் கைகள் அத்தையின் கை அளவுக்குக் கெடவில்லை. இதை அத்தையே என்னிடம் சொன்னார், ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன். அவர் அப்போது சாயங்கால வேலைக்கும் அங்கேயே சேர்ந்திருந்தார். விடுவதற்கு ஒரு வருடம் பாக்கி இருந்த குழியில் முழு நாளும் நின்றார். மொட்டுக்காரர் எங்கள் தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

அவர் என்னிடம் பேசுவதை நிறுத்தவில்லை. சீட்டுகளை இன்னும் என்னிடம்தான் கொண்டுவருகிறார். நான் வாசிக்கிறேன். முன்பெல்லாம் வாசித்து முடித்ததும் காகிதத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவார். இப்போது வாங்கமாட்டார். என் முகத்தையே பார்ப்பார்.

"அம்புட்டுத்தானா?" என்பார்.

கோபமாக இல்லை. பால்காரரிடம் கேட்பது போலத்தான். நான் மறுபடி மேலிருந்து தொடங்குவேன். மருந்தின் பெயர், வேளை, தேதி, டாக்டரின் கையெழுத்து, கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயர் வரைக்கும் வாசிப்பேன்.