கதவில்லாத பலகைகள்

மருமகள் குசினிச் சுவரில் சாமான் அடுக்கப் பலகை அடிக்கிறாள். தச்சர் காலையிலேயே வந்து இழைத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். "கதவு வச்சிரலாமேம்மா" என்றேன். "கதவெல்லாம் எதுக்கு அத்தே? கண்ணுல பட்டாதான் எடுக்கச் சுளுவு லா" என்றாள். அதற்குமேல் வாதாட எனக்கு வராது. விருந்தாளி வந்தால் குசினிக்குள் போய் ஒளிந்துகொள்கிறவள் நான்.

புதுப் பலகை வாசனை எனக்கு எப்போதும் புகை வாசனையாகத்தான் ஏறும். பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டுக் குசினிப் பலகைகள் ரப்பர் ஷீட் அனுப்பும் பெட்டிகளை உடைத்து அடித்தவை. எவ்வளவு கழுவினாலும், ஷீட் காயவைக்கும் புகைக்கூண்டின் நாற்றம் போகாது. ஓரத்தில் அம்மா மஞ்சள் காகிதத்தைப் பல்பல்லாகக் கத்தரித்து ஒட்டியிருந்தாள். திறந்த குசினி; பின்பாதையில் நடக்கிற யாருக்கும் எங்கள் வீட்டு மங்குத் தட்டும் டப்பாவும் தெரியும்.

ரப்பர் விலை விழுந்துபோன வருஷங்கள் அவை. சாப்பாட்டுக்கு வழியில்லாத குடும்பங்களைக் கப்பலேற்றிச் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஊரில் எங்களுக்குக் குடிசைகூட இல்லை. கங்காணி பின்பாதையில் நடப்பார்; பலகை காலியாக இருந்தால் கப்பலுக்கு அனுப்பும் பட்டியலில் அந்த வீட்டின் பெயரை எழுதிக்கொள்வார். அதனால் பக்கத்து வீட்டு ராக்காயி சித்தி, வெறும் பிஸ்கட் டப்பாக்களைத் துடைத்து மூடி வரிசையாக அடுக்கியிருந்தாள்.

"என்ன ராக்காயி, ஒன் வீட்டுல விருந்தா?" என்பாள் அம்மா.

"ஆமாக்கா, டப்பா நெறைய காத்து. ஒனக்கு ரெண்டு படி வேணுமா?"

பொங்கலுக்கு முந்தின நாள், அம்மா எல்லாப் பாத்திரத்தையும் இறக்கி ஆற்றுக்கு விளக்க எடுத்துப்போனாள். பலகையை ஒரு தூசு விடாமல் துடைத்தது நான்தான். அந்த நேரம் பார்த்துக் கங்காணி எட்டிப் பார்த்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை, நானாகச் சொல்ல வாய் வரவில்லை.

சாயங்காலம் அப்பாவிடம் வந்து, பெயர் எழுதியாகிவிட்டது என்றார். அம்மா சாம்பல் கையோடு ஓடிவந்தாள்.

"பொங்கலுக்கு வெளக்க எறக்குனேன் கங்காணி!"

"ஆபீசு கிராணி இத்தன குடும்பம்னு கேட்டிருக்காரும்மா. ஒரு பேர எடுத்தா இன்னொரு பேர வைக்கணும்."

"காலிப் பலகதான் ஒங்களுக்கு ஆகாதா? அப்ப ராக்காயி வீட்டு டப்பாவத் தொறந்து பாருங்க!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள். கங்காணி போய் ஒவ்வொரு மூடியாகத் திறந்தார். சித்தி தடுக்கவில்லை. சுவரோடு ஒட்டி நின்றாள்.

ஒரு வாரத்தில் லாரி வந்தது. சித்தியும் அவள் புருஷனும் ஏறினார்கள். "வரேன்க்கா" என்று மட்டும் சொன்னாள். அம்மா தலையாட்டினாள். நான் கையிலிருந்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் ஒன்றும் வரவில்லை. அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

அந்த லயத்தை இடித்துவிட்டு மரக்கன்று நட்டுவிட்டார்கள். கங்காணி போனார், அப்பா போனார், போன வருஷம் அம்மாவும் போனாள். சித்திக்கு எந்த ஊர் என்று எங்களில் ஒருவரும் கேட்டுவைக்கவில்லை.