தட்டினால் விட வேண்டும்

முதுகில் யாரோ இரண்டு முறை தட்டினார்கள். வலது தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கையால், அவசரமே இல்லாமல். நான் உடனே பிடியை விட்டு எழுந்துவிட்டேன். எனக்குக் கீழே மல்லாந்து கிடந்த ரைட்டர் புருவத்தைச் சுருக்கினார். "ஏனுங்க பாய் விட்டுட்டீங்க? நான் தட்டவே இல்லீங்களே" என்றார். அவருடைய ஒரு கையை நான் என் அக்குளில் இறுக்கி வைத்திருந்தேன். மறு கை தார்ப்பாயின் மேல் நீட்டியபடி கிடந்தது, அசைந்திருக்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் சுவரோரமாக அடுக்கிய காப்பி மூட்டைகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஏற்காட்டுப் பள்ளி ஒன்றின் விளையாட்டு மாஸ்டர், எங்கள் வயதுக்காரர்தான், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாலைந்து பேருக்கு ஜூடோ சொல்லிக்கொடுத்தார். மஞ்சக்குட்டைப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் குடோன். அங்கே கணக்கு எழுதிய ரைட்டர்தான் முதலாளியிடம் கேட்டு அந்த இடத்தை வாங்கித் தந்தார். காப்பித் தொலியைக் கனமாகப் பரப்பி, அதன்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தோம். விழுந்தால் வலிக்காது. ஆனால் கதவைத் திறந்து வைத்தால் பனி உள்ளே வந்துவிடும், மூடினால் இருட்டிவிடும். பனியையே தேர்ந்தெடுத்தோம். மூன்று மணிக்கெல்லாம் எதிரே நிற்பவரின் முகம் மங்கிவிடும்.

ஜூடோவில் எனக்கு முதலில் பிடித்தது ஒரே ஒரு விதி. எதிராளியை மல்லாத்தி, நெஞ்சின்மேல் பாரத்தைப் போட்டு அமுக்க வேண்டும். அவர் தாங்க முடியாமல் இரண்டு தட்டுத் தட்டினால் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். தட்டாதவரை விடக்கூடாது. நானோ பஸ் ஸ்டாண்டுத் துணிக்கடைக்காரரின் இளைய மகன். வாங்க வந்தவர் முகம் சுளித்தாலே துணியை மடித்துக்கொண்டு விலையைக் குறைப்பவன். என்ன படிப்பது, கடையில் எங்கே உட்காருவது எல்லாமே அத்தாவும் அண்ணனும் முடிவு செய்தது. அந்தக் குடோன் ஒன்றுதான் நானாகப் போன இடம். அங்கேயும் அதே கதை. கீழே கிடப்பவர் மூச்சு வாங்கினாலே எனக்கு மனசு தாங்காது, விட்டுவிடுவேன். மாஸ்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "பாய், இது ஜவுளி யாவாரம் இல்லீங்க. அடுத்த வாரமும் கீழ கெடக்குறவரு தட்டாம விட்டீங்கன்னா நீங்க வர வேண்டாமுங்க." அன்றைக்குத்தான் முதுகில் அந்தக் கை தட்டியது.

மாஸ்டரிடம் சொன்னேன். சிரித்தார். "பயந்தவனுக்கு முதுகெல்லாம் கை" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் மறுபடி அமுக்கியபோது மறுபடி தட்டியது. ரைட்டரோடு மட்டும்தான். வேறு யாரோடு மோதினாலும் இல்லை. நான் விட்ட பிறகும் ஒருமுறை தட்டும். அது ஏன் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. விட்டுத்தான் ஆயிற்றே, இன்னும் என்ன வேண்டுமாம்?

ரைட்டரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் யாரிடமும் தட்டியதே இல்லை. மாஸ்டர் கழுத்தில் பிடி போட்டு, அவருடைய கண் செருகப் பார்த்தபோதும் தட்டவில்லை. மாஸ்டரே பயந்துபோய் விட்டுவிட்டார். வீம்பு என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அன்று பயிற்சி முடிந்து இருவரும் பஸ்ஸுக்கு நடந்தோம். பனியில் அவருடைய டார்ச்சு வெளிச்சம் காலடியைத் தாண்டவில்லை. முதுகில் தட்டுவதை அவரிடம் சொன்னேன். அவர் நின்றுவிட்டார்.

"காப்பி மூட்டை ரொப்பையில பொம்பளைங்க கையால தட்டித் தட்டி ரொப்புவாங்க, பாத்திருக்கீங்களா பாய்? கொட்டை படியோணுமில்லீங்க. சீசனுக்கு இதே குடோன்ல எந்நேரமும் அந்தச் சத்தந்தான். ஒருக்கா உள்ளாற மூட்டை அடுக்குறவர் ஒருத்தரு மேல அடுக்கு சரிஞ்சிருச்சுங்க. நான் வாசல்ல எடை போட்டுட்டிருந்தேன். உள்ள தட்டுற சத்தங் கேட்டுச்சு. யாரோ மூட்டை தட்டுறாங்கன்னு நெனச்சுக்கிட்டேனுங்க. நொம்ப நேரம் கேட்டுச்சு. அப்பறம் நின்னுருச்சு."

பஸ் வருகிற சத்தம் கேட்டது. அவர் டார்ச்சை அணைத்தார். "தட்டுனா விடோணும்னு மாஸ்டரு சொல்றப்பெல்லாம் எனக்கு அந்தச் சத்தந்தானுங்க கேக்குது. தட்டுறதுக்கு எனக்கு என்ன பாத்தியதைங்க இருக்குது?" என்றார்.

அடுத்த வாரம் முழுவதும் எனக்குக் கடையில் கை ஓடவில்லை. குடோனுக்குப் போகவே கூடாது என்று ஒரு மனசு. போகாவிட்டால் மாஸ்டர் சொன்னதுதான் சரியென்று ஆகும், ஆயுசு முழுக்கத் துணியை மடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்று இன்னொரு மனசு. போனேன். மாஸ்டர் ரைட்டரைத்தான் எனக்கு எதிரே நிறுத்தினார்.

எப்படியோ அவரை மல்லாத்தினேன். நெஞ்சின்மேல் படுத்து, கழுத்தையும் கையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். தட்டல் வந்தது. முதலில் மெதுவாக, இரண்டு. நான் விடவில்லை. பிறகு மூன்று, நான்கு. பிறகு கணக்கில்லாமல், ஒரு கை அல்ல, இரண்டு கைகளாலும். சட்டைக்குள் முதுகு சில்லிட்டது. எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். கீழே ரைட்டரின் முகம் கறுத்துக்கொண்டிருந்தது. அவருடைய மறு கை தார்ப்பாயில் அவருடையதே அல்லாததுபோல் கிடந்தது.

"தட்டுங்கண்ணா" என்றேன்.

"வேண்டாம் பாய். நீங்க விடுங்க."

"தட்டாம விட மாட்டனுங்க."

அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. அண்ணனிடம்கூட அப்படிப் பேசியதில்லை. இன்னும் அழுத்தினேன். அவர் கண்ணை மூடினார். விரல்கள் அசைந்தன. கை எழுந்தது. தார்ப்பாயில் இரண்டு முறை விழுந்தது.

அந்தக் கணமே என் முதுகில் எல்லாம் நின்றது. நான் விடுவதற்கு முன்பே நின்றது. விட்ட பிறகும் தட்டவில்லை.

ரைட்டர் எழுந்து நேராக மூட்டைகளிடம் போனார். மேல் மூட்டையின் காதைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார். அடுத்ததைத் தள்ளினார். மாஸ்டர் அதட்டிக்கொண்டு ஓடிவந்தார். நான் குறுக்கே கையை நீட்டினேன். "அவர விட்டுருங்க மாஸ்டர்" என்றேன். மாஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். நான் போய் மூட்டையின் மறு காதைப் பிடித்தேன். இருவரும் அடி வரிசைவரை இறக்கினோம். பின்னால் சுவர்தான் இருந்தது, வேறென்ன இருக்கும்? ஈரச் சுண்ணாம்புச் சுவர். ரைட்டர் அந்த இடுக்கில் மண்டியிட்டு, சுவரில் காதை வைத்துக் கேட்டார்.

"கேக்குதுங்களாண்ணா?" என்றேன்.

தலையை ஆட்டி இல்லையென்றார். பிறகு திரும்பி என்னைப் பார்த்து, "உங்க முதுகுல?" என்று கேட்டார்.

தோளை அசைத்துப் பார்த்தேன். "இல்லீங்க" என்றேன்.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஓவென்று அழுதார். போதும் என்று நான் சொல்லவில்லை. கடைக்குப் போக நேரமாயிற்று என்று எழவும் இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். அவராகத் தட்டும்வரை விடவில்லை.