நிம்மதி தராமல் எழுப்பிவிட்ட ஆண்டவர்

இது என்னுடைய இரண்டாவது சாட்சி. முதலாவதை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வாசிக்கிற சகோதரிகள் சிலருக்குக் கோபம் வரலாம். எனக்கே என் மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

என் பெயர் செல்வி. கல்லடியில் இருக்கிறேன். என் கணவர் யோகன் வாவியில் மீன் பிடிக்கிறவர். அவர் பிடிப்பார், நான் வீதியோரத்தில் வைத்து விற்பேன். நான் இரட்சிக்கப்பட்டு எட்டு வருஷம். அவர் நத்தாருக்கு மட்டும் சபைக்கு வந்து கேக் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர். எனக்கு ஒரு இடத்தில் இருக்க வராது. காலில் வண்டிச் சில்லுப் பூட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா சொல்வார். பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்க மாட்டேன். அதனால் எங்கள் வீட்டுப் பாலில் எப்போதும் அடிப்பிடித்த வாசம்தான். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தச் சாட்சியில் ஆண்டவருக்கு அடுத்த பங்கு என் கால்களுக்குத்தான்.

போன வருஷம் தை மாதம், முற்றத்தில் வலையிலிருந்த பாசியைத் தட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். கை கால் இழுத்தது. வாயில் நுரை வந்தது. நான் அவர் பெயரைச் சொல்லிக் கத்துகிறேன், கண் திறந்திருக்கிறது, ஆனால் அந்தக் கண்ணில் அவர் இல்லை. இரண்டு நிமிஷம் இருக்குமோ என்னவோ, எனக்கு முடியவே முடியாத நேரம் அது. ஆஸ்பத்திரியில் வலிப்பு என்றார்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று குளிசை எழுதினார்கள். "ஒரு நாளும் விடக் கூடாது. தண்ணியில தனியப் போகவே கூடாது" என்று டாக்டர் இரண்டு தரம் சொன்னார்.

தண்ணீரில் போகாமல் நாங்கள் என்ன செய்வது? ஆகவே என் தம்பி அவரோடு தோணியில் போனான். கலியாணமாகிப் பிள்ளை குட்டியோடு இருக்கிறவன், தன் வேலையை விட்டுவிட்டு வந்தான். நான் கரையில் நின்று, இரண்டு தலை தெரிகிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்த்தேன். அப்படிப் போன மூன்று மாதமும் நான் ஜெபித்தது ஒன்றே ஒன்றுதான். ஆண்டவரே, இந்த மனுஷனைத் தண்ணீரில் விட்டுவிடாதேயும். சமைக்கும்போதும் அதுதான், மீன் வெட்டும்போதும் அதுதான்.

மூன்று மாதமும் வலிப்பு வரவில்லை. குளிசை தன் வேலையைச் செய்தது. நான்தான் அதற்கு வேறு பெயர் வைத்தேன்.

எங்கள் சபையில் விசுவாசச் சாட்சி என்று ஒரு வழக்கம் உண்டு. ஜெபித்த காரியம் கைக்கு வருமுன்பே, வந்துவிட்டது என்று எழும்பிச் சொல்வது. வெளிநாடு போகக் காத்திருக்கிறவர், போய்விட்டேன் ஸ்தோத்திரம் என்பார். பிள்ளை இல்லாதவள், பிள்ளை கிடைத்தது ஸ்தோத்திரம் என்பாள். சபை முழுவதும் கைதட்டும். நான் அந்த வழக்கத்தைக் குறை சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லிப் பெற்றுக்கொண்டவர்கள் எங்களோடு இருக்கிறார்கள். ஆனால் பொறுமை இல்லாதவளுக்கு அது நல்ல வசதியாகப் போய்விட்டது. சித்திரை மாதம் ஒரு ஞாயிறு நான் எழும்பினேன். "என்ட கணவரை ஆண்டவர் வலிப்பிலிருந்து பூரணமாச் சுகமாக்கிட்டார்" என்றேன். தட்டின தட்டில் தகரக் கூரை அதிர்ந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஆராதனை முடிந்து பாஸ்டர் வாசலில் வைத்துக் கேட்டார்: "டாக்டர் என்ன சொன்னவர் தங்கச்சி?"

"டாக்டருக்கே ஆச்சரியம் பாஸ்டர்" என்றேன்.

டாக்டரை நான் பார்த்து ஐந்து கிழமை ஆகியிருந்தது. பொய் எவ்வளவு சுகமாக வாயிலிருந்து இறங்கியது என்று இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் மேசையில் குளிசைப் பெட்டி இருக்கிறது. சுகமாகிவிட்டது என்று சபைக்கு முன் சொல்லிவிட்டு அந்தக் குளிசையைக் கொடுத்தால், ஆண்டவரைப் பொய்யராக்குகிறேன் என்று நினைத்தேன். உண்மையில் என்னைப் பொய்யாக்காமல் இருக்கத்தான் பார்த்தேன். பெட்டியை எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்தேன்.

அன்று இரவு அவர் கேட்டார்: "குளிசை எங்க?"

"இனித் தேவல்ல. ஆண்டவர் சுகமாக்கிட்டார்."

"ஆண்டவர் என்னட்ட ஒண்டும் சொல்லல்லியே" என்று சிரித்தார். பிறகு, "அதுவும் நல்லம்தான். அத விழுங்கினாத் தலை பாரமா இரிக்கு" என்று பாயை விரித்துப் படுத்துவிட்டார். என் தம்பிக்கும் செய்தி போனது. மச்சானுக்குச் சுகமாகிவிட்டது என்று அவன் சந்தோஷமாகக் கதிரவெளிப் பக்கம் ஒரு மேசன் வேலைக்குப் போய்விட்டான். ஒரு சாட்சி சொல்லி, குளிசையையும் நிறுத்தினேன், துணைக்குப் போனவனையும் அனுப்பினேன்.

அதிலிருந்து எனக்கு நிம்மதி போனது. கழுவின சட்டியையே திரும்பக் கழுவுவேன். மீன் வாங்க வந்தவர்கள் இறால் கேட்டால் நண்டை நிறுப்பேன். உட்கார்ந்தால் எழும்பத் தோன்றும், எழும்பினால் எங்கே போவது என்று தெரியாது. நெஞ்சுக்குள் ஒரு படபடப்பு, விடியும்போதே தொடங்கிவிடும். நான் ஜெபத்தை மாற்றினேன். முன்பு அவரைக் காப்பாற்றும் என்று கேட்டவள், இப்போது எனக்குச் சமாதானம் தாரும் என்று கேட்கத் தொடங்கினேன். பெண்கள் ஜெபக்குழுவை நடத்துகிற மேரி அக்காவிடமும் சொன்னேன். குளிசைக் கதையைச் சொல்லவில்லை. மனம் கலங்குகிறது என்று மட்டும் சொன்னேன்.

"அது பிசாசு செய்யிற வேலை கா. சாட்சி சொன்னவளை அவன் சும்மா விடுவானா? நீ ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டே இரி" என்றார் அக்கா. அவர் மேல் பிழை இல்லை. பாதிக் கதையைக் கேட்டவர் பாதிப் பதிலைத்தானே தருவார்.

ஸ்தோத்திரம் சொன்னேன். ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன். படபடப்பு ஒரு சொட்டும் குறையவில்லை.

குளிசையை நிறுத்திப் பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை. எங்களுக்கு உபவாச ஜெபம். காலை ஒன்பதுக்குக் கதவைச் சாத்தினால் மதியம் ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள், இடையில் ஒருவரும் எழும்புவதில்லை. அன்று விடியப் பிடித்த மீனை என்னிடம் தந்துவிட்டு, நண்டு வலையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவர் தனியாகத் தோணியை எடுத்துக்கொண்டு திரும்பப் போயிருந்தார். நான் மீனை விற்று முடித்து, முகம் கழுவி, சபைக்குப் போய்ப் பாயில் முழங்காலிட்டேன்.

பத்து மணி இருக்கும். எல்லாரும் உருகி ஜெபிக்கிறார்கள். என் முழங்கால் தரையில் நிற்க மாட்டேன் என்கிறது. ஆண்டவரே சமாதானம் தாரும், சமாதானம் தாரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறேன். கேட்கக் கேட்கக் கூடுகிறது. எழும்பு, எழும்பு என்று நெஞ்சு அடிக்கிறது. கடைசியில் எழும்பியே விட்டேன்.

மேரி அக்கா என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். "இரி கா. இப்ப எழும்பினாப் பிசாசுக்குத்தான் சந்தோசம்."

"அக்கா, விடுங்க. என்ட மனிசன் பன்னிரண்டு நாளாக் குளிசை போடல்ல. நான்தான் ஒளிச்சு வச்சிட்டன். தண்ணியில தனிய நிக்கிறார்."

பன்னிரண்டு நாளில் என் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அதுதான். ஜெபம் அப்படியே நின்றது. அக்காவின் கை தளர்ந்தது. நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன், செருப்பைத் தேடக்கூட நிற்கவில்லை.

சபையிலிருந்து வாவிக் கரைக்கு ஐந்து நிமிஷ நடை. சித்திரை வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு ஓடினேன். கரைக்கு வந்து பார்த்தால், எங்கள் நீலத் தோணி கண்டல் மரங்களுக்கு அந்தப் பக்கம் குறுக்காகத் திரும்பி மிதக்கிறது. தோணியில் தலை இல்லை. இரண்டு தலை தேடின கண்ணுக்கு அன்று ஒரு தலையும் கிடைக்கவில்லை.

கொஞ்சம் தள்ளி, இடுப்பளவு தண்ணீரில் சாமித்தம்பி அண்ணன் வீச்சு வலை எறிந்துகொண்டு நின்றார். நெற்றி நிறைய விபூதி. கோயில் திருவிழாக் காலத்தில் எங்கள் சபை ஸ்பீக்கர் சத்தம் பற்றி அவரோடு நான் சண்டை பிடித்து, இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை.

"அண்ணன், அவரைப் பாருங்க, தோணிக்குள்ள விழுந்திட்டார்" என்று கத்தினேன். விழுந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் அப்படித்தான் கத்தினேன்.

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வலையைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டுப் பாய்ந்தார். பாதி நடந்து பாதி நீந்திப் போய்த் தோணியைப் பிடித்தார். நான் கரையில் நின்று அவர் குனிவதைப் பார்த்தேன். என் ஜெபமெல்லாம் போய்விட்டது. இயேசுவே என்ற ஒரு சொல்தான் மிச்சம்.

எங்கள் தோணி ஒழுகும். அடியில் எப்போதும் ஒரு சாண் தண்ணீர் நிற்கும், அவர் பேணியால் இறைத்துக்கொண்டே போவார். அன்று இழுப்பு வந்து அந்தத் தண்ணீருக்குள்தான் முகம் குப்புற விழப் பார்த்திருக்கிறார். நண்டு வலைக் குவியலில் தோள் தட்டுப்பட்டு, மூக்கு ஒரு பக்கமாகத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு இருந்ததாம். தோணி ஒருதரம் ஆடினால் போதும், வழுக்கிப் போயிருப்பார். சாமித்தம்பி அண்ணன் அவரைத் திருப்பி, வாயைத் துடைத்து, தோணியைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். மூச்சு இருந்தது. ஓட்டோவில் ஏற்றிவிட்டு அண்ணன், "கொஞ்சம் பிந்தியிருந்தா ஒண்டும் செய்யேலா தங்கச்சி" என்றார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், குளிசையை யார் நிறுத்தியது என்று. நான்தான் என்றேன். அவர் ஏசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். ஏசவில்லை, மருந்து அட்டையில் எழுதிவிட்டுப் போனார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். பன்னிரண்டு நாள் கேட்டேனே, ஒரு மணித்தியாலச் சமாதானம் உம்மால் தர முடியாதா என்று. அழுதேன், மூக்கைச் சிந்தினேன், திரும்பவும் கேட்டேன்.

என் கணவர் கண்விழித்தது பின்னேரம். நாக்கைக் கடித்திருந்ததால் பேச்சுக் குழறியது. நடந்ததையெல்லாம் சொன்னேன். அரிசி வாளியையும் சொன்னேன்.

"அப்ப, நீ ஒழுங்கா ஜெபத்தில இரிந்திரிந்தா நான் செத்திரிப்பன்" என்றார். பிறகு, "உன்ட ஆண்டவருக்கு உன்ன நல்லாத் தெரிஞ்சிரிக்கு" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அழுதுகொண்டே சிரித்தேன், பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் இரண்டு ஜெபம் செய்திருந்தேன். இந்த மனுஷனைத் தண்ணீரில் விட்டுவிடாதேயும் என்பது ஒன்று. எனக்குச் சமாதானம் தாரும் என்பது மற்றது. முதல் ஜெபத்துக்குப் பதில் தருவதற்காக ஆண்டவர் இரண்டாவதை மறுத்திருக்கிறார். அன்று எனக்குச் சமாதானம் கிடைத்திருந்தால், ஒரு மணி வரைக்கும் பாயில் முழங்காலில் நல்ல பிள்ளையாக இருந்திருப்பேன். என்னைப் படைத்தவர் அவர். அந்தப் படபடப்பைப் பிசாசின் மேல் போட்டது நான்தான்.

மேரி அக்கா அன்று பின்னேரமே வந்தார். கையில் ஒரு பையில் என் செருப்பு. "நான் உன்ட சீலையப் பிடிச்சிட்டன் கா" என்று சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். பாஸ்டரிடம் டாக்டர் பற்றிச் சொன்ன பொய்யையும் சொன்னேன். பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு, "நானும் அண்டைக்கு இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிரிக்கணும்" என்றார். அடுத்த ஞாயிறு நான் சபையில் எழும்பி, முன்பு சொன்ன சாட்சி பொய் என்று சொன்னேன். ஒருவரும் கைதட்டவில்லை. ஆனால் அன்று உட்கார்ந்தபோதுதான், பல நாளைக்குப் பிறகு, எழும்பத் தோன்றாமல் உட்கார்ந்தேன்.

என் கணவருக்குச் சுகமாகவில்லை. இதைத் தெளிவாக எழுதுகிறேன், யாரும் இதையும் வேறுமாதிரிச் சொல்லிவிடக் கூடாது. ஆவணியில் ஒரு தரம் வந்தது, தோணியில் வைத்தே வந்தது. ஆனால் அவர் தனியாக இருக்கவில்லை. தம்பியைத் திரும்பக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை, இப்போது நான்தான் துணைக்குப் போகிறேன். கரையில் மீன் விற்றவள் துடுப்புப் பிடிக்கப் பழகிவிட்டேன். முதல் கிழமை தோணி வட்டம் வட்டமாகச் சுற்றியது, சாமித்தம்பி அண்ணன் கரையில் நின்று சிரித்தார். ஆவணியில் இழுப்பு வந்தபோது என் கணவரைப் பக்கவாட்டில் திருப்பி, வலையைச் சுருட்டித் தலைக்குக் கீழ் வைத்து, அது அடங்கும்வரை பாட்டுப் பாடிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். பயமாக இருந்தது. பயத்துக்குள்ளேயே ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை எப்படி விளங்கப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.

காலையில் வெறுந்தேத்தண்ணியோடு குளிசையை அவர் கையில் வைத்து ஜெபிக்கிறேன். ஜெபம் நீண்டால் அவர் நடுவிலேயே "ஆமென்" சொல்லி விழுங்கிவிடுவார். அவர் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. அந்த ஆமென் எனக்கு இப்போதைக்குப் போதும்.

கஷ்டத்தில் இருக்கிறவர்களே, ஆண்டவரை நம்புங்கள். அவர் கேட்கிறார், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் ஜெபித்துக்கொண்டிருக்கும்போது மனம் அடங்காமல் எழும்பு எழும்பு என்று அடித்தால், உடனே அதைக் கடிந்துகொள்ளாதீர்கள். எழும்பிப் போய்ப் பாருங்கள். செருப்பைப் பிறகு யாராவது கொண்டுவந்து தருவார்கள்.