ட்ரெட்டா, த்ரெட்டா?

போன ஆண்டு கடைசியில், மழை விடாமல் பிடித்துக்கொண்ட வாரத்தில் ஒரு சனிக்கிழமை காலை. ஈப்போ புந்தோங்கில் ஒரு டயர் கடையில் உட்கார்ந்திருந்தேன். சுங்காயில் என் தங்கை வீட்டில் அன்று பகல் குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள். நானும் மகளும் கிளம்பி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, காரின் பின்சக்கரத்தில் ஆணி ஏறிவிட்டது.

ஆணியைப் பிடுங்கி ஒட்டும் வரை சும்மா இருப்பானேன் என்று கைப்பேசியில் அன்றைய சொல் விளையாட்டைத் திறந்தேன். தினம் ஒரு ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆறு முயற்சி. சரியான எழுத்து சரியான இடத்தில் விழுந்தால் பச்சையாகும். நான் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. எங்கள் ஆசிரியர் அறை முழுக்க இந்தப் பைத்தியம்தான். அதில் இருநூற்றுத் தொண்ணூற்றாறு நாள் ஒரு நாள்கூடத் தோற்காதவள் நான் ஒருத்திதான். ஒருமுறை தவறினால் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். முந்நூறு தொட்டுக் காட்டுகிறேன் என்று வாட்ஸ்அப் குழுவில் வேறு ஜம்பமாக அறிவித்திருந்தேன்.

சக்கரத்தைக் கழற்றிய அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஆனாலும் அவர் என்னை அக்கா என்றார், நான் அவரை அண்ணே என்றேன். நம் ஊரில் அது அப்படித்தான்.

“அக்கா, நாலு டயர்லயும் பூவெல்லாம் ஹாபிஸ் லா, தேஞ்சே போச்சு. மழையில பிடிக்காது” என்றார்.

டயரில் வெட்டியிருக்கும் வரிப்பள்ளங்களைத்தான் நாங்கள் பூ என்போம். மலாய்க்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள். நான் தலையைத் தூக்கவில்லை. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், ஓட்டையை மட்டும் அடையுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னார். அதே பதிலை மறுபடியும் சொன்னேன். எனக்கு என் கவலை.

கடைசி நான்கு எழுத்துகள் பச்சையாகியிருந்தன: R, E, A, D. முதலெழுத்துதான் பாக்கி. ரொட்டியைப் போட்டேன், இல்லை. பயத்துக்கு ஒரு சொல் இருக்கிறதே, அதையும் போட்டேன். இல்லை. ஒரே ஒரு முயற்சி மிச்சம். A-யிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக முன்னால் வைத்துப் பார்த்தேன். T-க்கு வந்தபோது ‘த்ரெட்’ என்று நூல்தான் நினைவுக்கு வந்தது. அதற்கு நடுவில் H உண்டு, ஆறெழுத்து. தள்ளிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போனேன். Z வரை போயும் ஒன்றும் கிடைக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு என்ன என்று அந்த அண்ணன் என் மகளிடம் விசாரித்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள். கையைத் துடைத்துக்கொண்டே வந்து திரையை எட்டிப் பார்த்தவர், “ட்ரெட்” என்றார்.

எனக்குச் சுர்ரென்றது. மூன்றை ‘ட்ரீ’ என்று சொல்வது நம் நாட்டு வழக்கம். ‘ட்ரீ இல்லை, த்ரீ’ என்று வகுப்பில் நாள் முழுக்க நான் திருத்துவதும் அதைத்தான். சனிக்கிழமையானால் என்ன, வாய் சும்மா இருக்குமா?

“ட்ரெட் இல்லண்ணே, த்ரெட். நாக்கப் பல்லுக்கு நடுவுல வெச்சுச் சொல்லணும். அதுக்கு ஆறு எழுத்து” என்று நாக்கை நீட்டிக் காட்டிப் பாடமே நடத்திவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நான் சொன்னபடியே நாக்கை நீட்டி ஒருமுறை சொல்லிக்கூடப் பார்த்தார். என் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நான் நூலச் சொல்லல டீச்சர். பூவச் சொன்னேன்” என்று சுவரைக் காட்டினார்.

அங்கே டயரின் படம் போட்ட பெரிய விளம்பரத் தாள். பள்ளம் எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும் என்று விளக்கியிருந்தார்கள். மேலே கொட்டை எழுத்தில் அந்தச் சொல், T-யில் தொடங்கி ஐந்தே எழுத்து. அரை மணி நேரமாக அதற்கு நேர் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறேன். மிதித்து நடப்பது என்ற பொருளில் புத்தகத்தில் படித்த சொல்தான். டயரின் பூவுக்கும் அதுதான் பேர் என்று எனக்குத் தெரியாது. அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டித்தான் என்னை ஆங்கிலம் படிக்க வைத்தார்கள் என்பதை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

போட்டேன். ஐந்தும் பச்சை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் குழுவிலும் போட்டுவிட்டேன்.

“சொல்லு கெடச்சிருச்சு டீச்சர். சாமான்தான் ஒங்க டயர்ல இல்ல. வந்து தொட்டுப் பாருங்க” என்றார்.

அப்போதுதான் முதல்முறையாக எழுந்து போய்ப் பார்த்தேன். டயர் தோசைக்கல் மாதிரி வழவழவென்றிருந்தது. முன்சக்கரத்தின் உள்ளோரத்தில் ரப்பர் தேய்ந்து, உள்ளே இருக்கும் நூல் பிரிபிரியாக வெளியே தெரிந்தது.

“அந்தா, நீங்க சொன்ன நூலும் இருக்கு.”

நான்கையும் மாற்றிவிடச் சொன்னேன்.

சுங்காய் போகும் வழியில் தாப்பா தாண்டியதும் மழை கொட்டியது. எனக்கு முன்னால் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப்போன லாரி, சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. பிரேக்கை மிதித்தேன். கார் ஒரு குலுக்குக் குலுக்கி, லாரியின் முதுகுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. பின்னாலிருந்து மகள் மெதுவாக, “அம்மா, பூ” என்றாள்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பெயர் வைத்து முடித்திருந்தார்கள். நல்லவேளை, சாப்பாடு இருந்தது. பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் நான் நாக்கை நீட்டிக் காட்டிய கதையை மகள் நடித்துக் காட்டினாள். சிரிக்காத ஆள் இல்லை.

முந்நூறைத் தொட்டேன். அடுத்த வாரமே ஏதோ ஒரு அற்பச் சொல்லில் தோற்று பூஜ்யத்துக்கும் போனேன். அது பெரிதாக வலிக்கவில்லை. அந்த அண்ணன் இரண்டு முறை சொன்னதை நான் காதில் வாங்கவே இல்லை, மூன்றாவது முறை வாய் திறந்தவரையும் திருத்தத்தான் தெரிந்தது எனக்கு. மழை பெய்யும்போதெல்லாம் அதுதான் உறுத்துகிறது. இப்போது வகுப்பில் ஒரு பிள்ளை ‘ட்ரீ’ என்றால், திருத்துவதற்கு முன்னால் ‘மூணா, மரமா?’ என்று கேட்டுவிடுகிறேன். பாதி நேரம் அது மரமாகத்தான் இருக்கிறது.