கழற்றி வைத்த ஒயர்

பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுக்கும் சத்தம்… லேசான வீசிங் கலந்த மூச்சு. அதைக் கேட்டதுமே அத்தை பாடப் போகிறாள் என்று தெரிந்துவிடும்.

சித்தூரில் எங்கள் சர்ச் கொயரில் அத்தைதான் முதல் குரல். 1980களில் அவள் தவறியபோது மிச்சமிருந்தது ஒரே ஒரு கேசட். ஏதோ ஒரு பண்டிகைக்கு வீட்டில் ப்ராக்டிஸ் செய்தபோது மாமா பதிவு செய்தது. ஒரு கீர்த்தனை, அதற்குப் பிறகு டேப் முடியும் வரை வெறும் இரைச்சல்.

மாமா ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர். யாரிடமும் அதிகம் பேசாதவர். அத்தை போன பிறகு அந்த கேசட்டோடு மட்டும்தான் பேச்சு. கேசட் டெக், ஆம்ப்ளிஃபையர், இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்தன. கடைசியாக மெட்ராஸிலிருந்து ஒரு ஒயர். விரல் தடிமன், கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்குக்குள் செம்பு பளபளக்கும். ஆக்ஸிஜன் நீக்கிய செம்பாம், கடைக்காரர் சொன்னாராம்.

நான் அப்போது திருப்பதியில் ஒரு காலேஜில் பிசிக்ஸ் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாமா, காலிங் பெல் ஒயரும் செம்பு, இதுவும் செம்பு. சவுண்டுக்குத் தெரியவா போகுது, எதுல வர்றோம்னு?" என்றேன்.

மாமா கோபித்துக்கொள்ளவில்லை. "பாட்டுக்கு சொல்லல ரூத்து. பாட்டு முடிஞ்சப்புறம் அவ கூப்புட்றா. பழைய ஒயர்ல ஒண்ணியும் கேக்கல. இதுல கேக்குது" என்றார்.



அத்தை மகன் மோகன் என் வயசுக்காரன், மெட்ராஸில் வேலை. அப்பாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடத் துடித்துக்கொண்டிருந்தான். மாமா பாதி நாள் சமைப்பதே இல்லை, சட்டை தோளில் தொங்கியது. எப்போது கூப்பிட்டாலும் ஒரே பதில்… "அவ இங்க கூப்ட்டுக்கினு கீறா, நான் எப்டி வர்றது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் மோகன் பேச்சை ஆரம்பித்தான். "நைனா, ரூத்து ஒயர மாத்தி மாத்திப் போடட்டும். எது எதுன்னு சொல்லாம. பழைய ஒயர்லயும் உனக்கு அம்மா கொரல் கேட்டுச்சின்னா, அது உன் மனசு. என்கூட கெளம்பி வந்துடணும்."

"சரே" என்றார் மாமா.

ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். குரல் கேட்டால் கையைத் தூக்க வேண்டும்.

முதலில் பழைய பெல் ஒயரை மாட்டினேன். மூச்சு இழுப்பு, பாட்டு, அப்புறம் இரைச்சல். கொஞ்ச நேரத்தில் மாமாவின் கை மேலே போனது. எனக்கோ மோகனுக்கோ எதுவும் கேட்கவில்லை. மோகன் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். ஜெயித்துவிட்டோம். ஆனால் அந்தத் தூக்கிய கையைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மாமாவிடம் எதுவும் சொல்லாமல், இன்னொரு தடவை தடித்த ஒயரில் போட்டுவிடுவோம் என்று பெல் ஒயரைக் கழற்றினேன். ஆம்ப்ளிஃபையர் பின்னாலிருந்த திருகு கை நழுவி மேஜைக்கடியில் ஓடிவிட்டது. நான் குனிந்து தேடிக்கொண்டிருக்கும்போதே மோகன், மாட்டியாகிவிட்டது என்று நினைத்து பட்டனை அமுக்கிவிட்டான்.

டெக்கில் கேசட் சுற்றுகிற கிர்ர் மட்டும். ஸ்பீக்கர் இரண்டும் ஊமை.

"தோ வர்றேன் அத்த…"

சொன்னது நான். யோசித்துச் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து அந்த வீட்டில் கூப்பிட்டதும் பதில் சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தால் மாமாவின் கை மேலே இருந்தது. மோகன் எழுந்து நின்று சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பட்டப்பகல். வெளியே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

மாமா மெதுவாகத் திரும்பினார். "பாட்டு வரல. அவ மட்டும் வந்தா" என்றார். அப்புறம்தான் என் கையில் தொங்கிய ஒயரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். முகத்தில் எத்தனையோ மாதமாக இல்லாத ஒரு தெளிவு.

"அப்போ ஒயரே வோணாம்… மெட்ராஸ்லயும் கேக்கும். பஸ்ஸு எத்தினி மணிக்கிடா மோகனு?"

கேசட்டைக்கூட எடுத்துக்கொள்ளாமல் கிளம்பினார். தடித்த ஒயரைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டில் மாமா முன்னால் நடக்க, மோகன் மட்டும் என் பக்கத்தில் வந்தான். "உன்ன என்னான்னு கூப்ட்டாங்க?"

"ரூத்துன்னுதான்."

"என்னிய மோகனுன்னு கூப்ட்டாங்க" என்றான். அதற்கப்புறம் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. மாமா மெட்ராஸில் சில வருஷம் நன்றாகவே இருந்தார், வேளைக்குச் சாப்பிட்டார், சாப்பிடும்போது நடுவில் யாருக்கோ பதில் சொல்வார், அவ்வளவுதான் என்று மோகன் மனைவி சொல்வாள்.

இன்று மாமாவும் இல்லை, மோகனும் இல்லை. என் போனில் பேரன் பேத்திகள் குரல் எத்தனை வேண்டுமானாலும் கிடக்கிறது… ஒன்றையும் முழுசாகக் கேட்பதில்லை. அன்று ஒரே ஒரு கேசட்டுக்காக ஒரு மனிதர் ஊரைவிட்டு நகர மறுத்தார்.

போன வாரம் என் மகன் ஆன்லைனில் ஏதோ விலை உயர்ந்த ஸ்பீக்கர் கேபிள் வாங்கி வந்தான். "மாட்டினா டிஃபரன்ஸ் தெரியும் பாரும்மா" என்றான். ஒரு டிஃபரன்ஸும் இருக்காது என்று சிரித்தேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன், பிசிக்ஸ் மாறவில்லை.

அவன் பழைய கேபிளைக் கழற்றினான். வீடு ஒரு நிமிஷம் அமைதியானது.

"தோ வர்றேன்…" என்றேன்.

மகன் திரும்பிப் பார்த்தான். "யாரும்மா கூப்ட்டாங்க?"

"சீக்கிரம் மாட்டுடா" என்றேன்.